ஆதார் நகல் வெளியே போய்விட்டது, இனி என்ன செய்யலாம்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆறேழு வருடங்களாக வாடகை வீடு, சிம் கார்டு, விடுதி அறை, வேலைக்குச் சேர்ந்த இடம் என்று கேட்ட இடத்திலெல்லாம் ஆதார், பான் ஜெராக்ஸ் கொடுத்திருக்கிறீர்கள். சென்ற வாரம், நீங்கள் வாங்காத ஒரு கடனுக்குத் தவணை கட்டச் சொல்லி ஒருவர் போனில் மிரட்டியிருக்கிறார். ஆதாரை ரத்து செய்துவிட்டுப் புது எண் வாங்க முடியுமா, கிராமத்தில் இருக்கும் அம்மாவின் ஆதாருக்கும் ஏதாவது செய்ய வேண்டுமா என்று கேட்கிறீர்கள். ஆனால் இரண்டு கேள்விகளுக்கும் அடியில் இன்னொன்று இருப்பதாக எனக்குப் படுகிறது: எல்லாம்தான் வெளியே போய்விட்டதே, இனிமேல் ஜாக்கிரதையாக இருந்து என்ன பயன்? பயன் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நான் வங்கியில் 22 வருடங்கள் வேலை பார்த்தவன். அதில் கடைசி ஒன்பது வருடங்கள் புகார்ப் பிரிவில். "இந்தக் கடன் என்னுடையது இல்லை" என்று எழுதி வந்த கோப்புகள்தான் அங்கே என் மேஜையில் அதிகம். வங்கிக்குள் ஒரு புகார் எப்படி நகரும், எங்கே மாட்டிக்கொண்டு நிற்கும் என்பதை நிச்சயமாகச் சொல்ல முடியும். நான் வக்கீல் இல்லை. விஷயம் நீதிமன்றம் வரை போனால் ஒரு வக்கீலைத்தான் பார்க்க வேண்டும்.

ஆதாரை ரத்து செய்துவிட்டு வேறு எண் வாங்கிக்கொள்ளும் வழி கிடையாது. ஒருவருக்கு ஒரே எண், ஆயுள் முழுவதும் அதுதான். பானும் அப்படியே. ஒருவரிடம் இரண்டு பான் இருந்தால் வருமான வரிச் சட்டப்படி 10,000 ரூபாய் அபராதம் உண்டு. இதனால் மனம் தளர வேண்டாம், ஏனென்றால் இந்த எண்கள் ஒருபோதும் ரகசியமாக இருந்ததில்லை. பான் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து இலக்கங்களில் நான்காவது எழுத்து நீங்கள் தனிநபரா, நிறுவனமா என்பதைச் சொல்கிறது. ஐந்தாவது எழுத்து உங்கள் குடும்பப் பெயரின் முதல் எழுத்து. சம்பளச் சீட்டிலும் வீட்டு வாடகை ரசீதிலும் அச்சடித்துக் கொடுக்கும் ஒன்றை ரகசியம் என்று எப்படிச் சொல்வது? ஆதார் எண்ணும் பான் எண்ணும் உங்கள் பெயரைப் போலத்தான். பெயர் தெரிந்தவர் எல்லாம் வீட்டுக்குள் வந்துவிட முடியாது. உள்ளே வர அவர்களுக்கு இன்னும் ஒன்று வேண்டும்: உங்கள் மொபைலுக்கு வரும் ஓடிபி, அல்லது உங்கள் கைரேகை, அல்லது சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போடும் ஒரு கடன் அதிகாரி. முதல் இரண்டையும் நீங்கள் பூட்டி வைக்கலாம். மூன்றாவதை நீங்கள் தடுக்க முடியாது, ஆனால் சீக்கிரம் கண்டுபிடிக்க முடியும்.

இப்போது அந்தப் போன் அழைப்புக்கு வருவோம், அதுதான் அவசரம். பேசியவர் நிஜமாகவே கடன் வசூலிப்பவரா என்பதே இன்னும் தெரியாது. இல்லாத கடனைச் சொல்லிப் பயமுறுத்தி, "சரிபார்க்க" என்று பிறந்த தேதியையும் ஆதார் எண்ணையும் வாங்கிக்கொள்வதும் ஒரு மோசடிதான். மறுபடி அழைத்தால் நிறுவனத்தின் பெயர், கடன் கணக்கு எண், கடன் கொடுத்த தேதி மூன்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பக்கத்திலிருந்து ஒரு விவரமும் தர வேண்டாம். அவர் சொல்வது உண்மையா என்பதை அவர் வாயிலிருந்து தெரிந்துகொள்ளாமல் கடன் அறிக்கையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

யார் எங்கே கடன் வாங்கினார், ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று பதிவு வைத்து அறிக்கை தரும் கடன் தகவல் நிறுவனங்கள் நம் நாட்டில் நான்கு: சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க். ஒவ்வொன்றும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கையை மதிப்பெண்ணோடு இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு, 2017 ஜனவரியிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. காசு கட்டும் திட்டத்தைத்தான் அந்தத் தளங்கள் முன்னால் காட்டும். இலவச அறிக்கை கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கும், தேடி எடுங்கள். சாதாரண காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒரு நிறுவனம் என்று பிரித்து எடுத்தால் வருடம் முழுக்கக் கண்காணிப்பு காசில்லாமல் நடக்கும். உங்கள் நிலைமையில் நான்கையும் இந்த வாரமே எடுத்துவிடுங்கள், ஏனென்றால் ஒன்றில் தெரிவது இன்னொன்றில் விட்டுப்போயிருக்கும்.

அறிக்கை கைக்கு வந்ததும் எல்லோரும் மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். மதிப்பெண்ணை விட்டுவிட்டு வேறு இரண்டு இடங்களைப் பாருங்கள். ஒன்று, "என்கொயரி" என்ற பகுதி. உங்கள் பெயரில் யாராவது கடன் கேட்டு, அந்த நிறுவனம் உங்கள் அறிக்கையைப் புரட்டிப் பார்த்திருந்தால், எந்த நிறுவனம், எந்தத் தேதி, எந்த வகைக் கடன் என்று அங்கே பதிவாகியிருக்கும். கடன் கிடைக்காமல் போன முயற்சிகளும் அதில் தெரியும். மோசடிக்காரர் நான்கு இடங்களில் தட்டிப் பார்த்து ஐந்தாவது இடத்தில் கடன் வாங்கியிருந்தால், அந்த நான்கு தட்டல்களும் வரிசையாக அங்கே கிடக்கும். இரண்டாவது, முகவரியும் தொலைபேசி எண்ணும் இருக்கும் பகுதி. கடன் விண்ணப்பத்தில் எழுதிய எண்ணும் முகவரியும் அங்கே வந்து சேர்ந்துவிடும். நீங்கள் ஒருபோதும் குடியிருக்காத ஒரு தெருவோ, உங்களுடையது அல்லாத ஒரு மொபைல் எண்ணோ இருந்தால், அது அந்த ஆள் விட்டுச்சென்ற தடம். அதை அப்படியே படமெடுத்து வையுங்கள், பிறகு புகாரில் அதுதான் பேசும்.

கடன் உண்மையிலேயே உங்கள் பெயரில் இருந்தால், ஒரே நாளில் இரண்டு இடங்களுக்கு எழுத வேண்டும். ஒன்று கடன் கொடுத்த நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு, இன்னொன்று அந்தக் கடன் தெரியும் கடன் தகவல் நிறுவனத்துக்கு. சிபிலுக்கு மட்டும் எழுதிவிட்டுக் காத்திருந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடன் தகவல் நிறுவனம் தானாக எதையும் அழிக்க முடியாது. கடன் கொடுத்தவர் "ஆமாம், தவறு" என்று உறுதி செய்தால்தான் திருத்தும். ஆகவே உண்மையான சண்டை கடன் கொடுத்தவரோடுதான்.

அவருக்கு எழுதும் கடிதத்தில் "நான் இந்தக் கடனை வாங்கவில்லை" என்ற ஒரு வரியோடு நிறுத்திவிடாதீர்கள். கேள்விகளாகக் கேளுங்கள். பணம் எந்த வங்கிக் கணக்கில் போடப்பட்டது? அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? எந்த மொபைல் எண்ணுக்கு ஓடிபி அனுப்பினீர்கள்? விண்ணப்பதாரரின் புகைப்படம் அல்லது வீடியோ எங்கே? கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் நகலைக் கொடுங்கள். இந்தக் கேள்விகளில் ஒவ்வொன்றும் ஒரு கதவு. ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரில் வெளியிட்ட டிஜிட்டல் கடன் நெறிமுறைப்படி, செயலி மூலம் கொடுக்கும் கடன் சில விதிவிலக்குகள் தவிர நேராகக் கடன் வாங்குபவரின் வங்கிக் கணக்குக்குத்தான் போக வேண்டும். பணம் உங்கள் கணக்குக்கு வரவில்லை என்பதை உங்கள் வங்கி அறிக்கையை வைத்தே காட்டிவிடலாம். அதன் பிறகு விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்.

ஒரு கோப்பு இன்னும் நினைவில் இருக்கிறது. ஒரு தையல்காரர். அவர் பெயரில் விலை உயர்ந்த மொபைல் ஒன்றைத் தவணைக் கடனில் யாரோ வாங்கியிருந்தார்கள். எட்டு மாதமாக அலைந்திருந்தார். போன இடத்திலெல்லாம் "உங்கள் ஆதார், உங்கள் பான், எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்றே சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஒருவரும் கோப்பைத் திறக்கவில்லை. திறந்ததும் இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. கடையில் எடுத்த புகைப்படத்தில் இருந்தது அவரைவிட இருபது வயது குறைந்த ஒரு பையன். ஒப்பந்தத்தில் கையெழுத்து ஆங்கிலத்தில் இருந்தது. இவர் வாழ்நாளில் தமிழில் தவிர வேறு கையெழுத்துப் போட்டதில்லை. பத்து நாளில் கடன் அவர் பெயரிலிருந்து நீக்கப்பட்டது. அந்த எட்டு மாதத்தில் அவர் செய்த தவறு என்று எதுவும் இல்லை. கோப்பைக் காட்டு என்று கேட்கலாம் என்பது அவருக்குத் தெரியவில்லை, சொல்ல வேண்டியவர்களும் சொல்லவில்லை. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

இன்னொன்று. தொல்லை விட்டால் போதும் என்று ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். வசூலிப்பவர்கள் "பாதியைக் கட்டுங்கள், முடித்துவிடலாம்" என்பார்கள். கட்டினால், கடன் உங்களுடையதுதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டதாக அதைக் காட்டுவார்கள். அறிக்கையில் "செட்டில்டு", அதாவது முழுவதும் கட்டாமல் பேசி முடித்த கடன், என்று ஏறும். பின்னால் நீங்கள் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கும்போது அது வந்து நிற்கும். காலை எட்டு மணிக்கு முன்பும் மாலை ஏழு மணிக்குப் பிறகும் நிலுவைக் கடனுக்காக அழைக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொல்லியிருக்கிறது. மிரட்டுவது, உறவினர்களை அழைத்து அவமானப்படுத்துவது எல்லாவற்றையும் அதே சுற்றறிக்கை தடுக்கிறது. மீறினால் நேரத்தோடு குறித்து வையுங்கள்.

போலீஸ் புகாரும் வேண்டும். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கணக்கிலிருந்து பணம் போயிருந்தால் முதலில் 1930 என்ற எண்ணை அழைக்க வேண்டும். பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவுவதற்குள் நிறுத்தி வைக்க அந்த ஏற்பாடு, அதில் ஒவ்வொரு நிமிடமும் கணக்கு. அடுத்தவரின் கையெழுத்து, கடவுச்சொல், அடையாளக் குறி ஆகியவற்றை மோசடியாகப் பயன்படுத்துவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் குற்றம், மூன்று வருடம் வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம். "இது எங்கள் எல்லை இல்லை" என்று காவல் நிலையத்தில் திருப்பி அனுப்பினால், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் எந்த நிலையத்திலும் தகவலைப் பதிவு செய்யலாம் என்று சொல்வதை நினைவுபடுத்துங்கள். போலீஸ் அந்த ஆளைப் பிடிக்குமா என்பதற்கு நான் உத்தரவாதம் தர மாட்டேன். பெரும்பாலும் பிடிபடுவதில்லை என்பதே என் அனுபவம். ஆனால் அந்தப் புகார் எண் இருக்கும் கடிதத்துக்கும் இல்லாத கடிதத்துக்கும் வங்கிக்குள் கிடைக்கும் மரியாதை வேறு வேறு, அதை நான் உள்ளே இருந்து பார்த்தவன்.

திருத்தக் கேட்ட நாளிலிருந்து 30 நாள் கடன் கொடுத்தவருக்கும் கடன் தகவல் நிறுவனத்துக்கும் சேர்த்து அவகாசம். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 அக்டோபரில் உத்தரவிட்டது. தொகை பெரிதில்லை, ஆனால் கடிதத்தில் அந்த வரியைக் குறிப்பிட்டால் கோப்பு நகரும். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது வந்த பதில் சரியில்லை என்றால் வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் ரிசர்வ் வங்கியின் ஒம்புட்ஸ்மேனிடம் இணையத்திலேயே புகார் கொடுக்கலாம், கட்டணம் கிடையாது. 2022 செப்டம்பரிலிருந்து கடன் தகவல் நிறுவனங்களும் அந்த வரம்புக்குள் வந்துவிட்டன. வங்கியில் முதலில் புகார் கொடுக்காமல் நேராக அங்கே போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள், அந்த வரிசை மட்டும் முக்கியம்.

சரி, எந்த ஜெராக்ஸிலிருந்து இது வெளியே போனது? இதைத்தான் பாதிக்கப்பட்டவர்கள் இரவெல்லாம் யோசிக்கிறார்கள். பழைய வீட்டுக்காரரா, சிம் விற்ற பையனா என்று ஆளாளுக்குச் சந்தேகம். உண்மையைச் சொன்னால், கண்டுபிடிக்க அநேகமாக வழியே இல்லை. என்னிடம் வந்த கோப்புகளில் மூலம் உறுதியாகத் தெரிந்தவை விரல் விட்டு எண்ணக் கூடியவை. அதில் நேரத்தைச் செலவிடாதீர்கள், நிரூபிக்க முடியாத ஒன்றுக்காக யாரோடும் உறவை முறித்துக்கொள்ளவும் வேண்டாம்.

இனிமேல் கொடுக்கப்போகும் நகல்களை மட்டும் குறைத்துக்கொள்ளலாம். ஆதார் இணையதளத்தில் "மாஸ்க்டு ஆதார்" என்று ஒன்றைத் தரவிறக்கலாம், அதில் கடைசி நான்கு இலக்கம் மட்டுமே தெரியும். விடுதி, வாடகை வீடு போன்ற இடங்களுக்கு அது போதும். எண் கேட்கும் இடத்தில் 16 இலக்க விர்ச்சுவல் ஐடியைக் கொடுக்கலாம். அதிலிருந்து உண்மையான ஆதார் எண்ணைக் கண்டுபிடிக்க முடியாது, வேண்டாதபோது மாற்றிக்கொள்ளவும் முடியும். இன்னொரு விஷயத்தையும் தெரிந்து வையுங்கள். வங்கிக் கணக்குக்கும் சிம்முக்கும் ஆதாரைக் கட்டாயமாக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 26 அன்று தீர்ப்பளித்தது. ஓட்டுநர் உரிமமோ வாக்காளர் அட்டையோ கொடுக்கலாம். நடைமுறையில் கடைக்காரர் முகம் சுளிப்பார் என்பதும் உண்மை.

நகலின் மேல் குறுக்காக "இன்ன காரியத்துக்கு மட்டும்" என்று தேதியோடு எழுதிக் கொடுப்பதால் பயன் உண்டா என்று அடிக்கடி கேட்பார்கள். நான் எழுதித்தான் கொடுக்கிறேன், ஆனால் அது பூட்டு இல்லை. சோம்பேறித் திருடனைத் தடுக்கும், கணினியில் அழிக்கத் தெரிந்தவனைத் தடுக்காது. பின்னால் தகராறு வந்தால் அந்த எழுத்து உங்கள் பக்கம் ஒரு சாட்சியாக நிற்கும், அவ்வளவுதான் அதன் மதிப்பு. ஆதார் நகலை யாருக்கும் கொடுக்காதீர்கள் என்று 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம் ஓர் அறிவிப்பு விட்டு, இரண்டே நாளில் அது திரும்பப் பெறப்பட்டது. அரசு அமைப்புக்குள்ளேயே இதில் ஒரு குரல் இல்லாதபோது, தெரியாமல் கொடுத்துவிட்டோமே என்று நீங்கள் உங்களைத் திட்டிக்கொள்வதில் அர்த்தமில்லை.

பூட்டுக்கு வருவோம். ஆதார் எண், வங்கியின் பெயர், கைரேகை மூன்றும் இருந்தால் ஓடிபி இல்லாமலேயே பணம் எடுக்கக்கூடிய ஒரு முறை இருக்கிறது. கிராமங்களில் கையடக்கக் கருவியோடு வரும் வங்கி முகவர் பணம் தருவது அந்த வழியில்தான். வங்கி இல்லாத ஊருக்கு அது பெரிய வரம். அதையே பயன்படுத்தி, பத்திரப் பதிவு ஆவணங்களில் இருந்த கைரேகைகளைப் பிரதியெடுத்து, ரப்பர் போன்ற பொருளில் விரல் செய்து பணம் எடுத்த கும்பல்களை வேறு மாநிலங்களில் போலீஸ் பிடித்திருக்கிறது. இதற்கு மாற்று, ஆதார் இணையதளத்திலோ ஆதார் ஆணையத்தின் செயலியிலோ இருக்கும் "பயோமெட்ரிக் லாக்". பூட்டிவிட்டால் உங்கள் விரலை யார் வைத்தாலும், நீங்களே வைத்தாலும், கருவி ஏற்காது. ரேஷன் கடைக்கோ சிம் வாங்கவோ போகும்போது சில நிமிடங்களுக்குத் திறந்துகொள்ளலாம், பிறகு தானாகவே பூட்டிக்கொள்ளும். அப்படியே அங்கே "ஆதென்டிகேஷன் ஹிஸ்டரி" என்பதையும் திறந்து பாருங்கள். கடந்த ஆறு மாதத்தில் உங்கள் ஆதாரை எங்கெங்கே, எப்போது சரிபார்த்தார்கள் என்று வரிசையாகக் காட்டும். நீங்கள் தூங்கிக்கொண்டிருந்த நேரத்தில் ஒரு கைரேகைச் சரிபார்ப்பு இருந்தால், உங்களுக்கு வேறு ஆதாரம் தேவையில்லை.

இதைவிடவும் பெரிய சாவி உங்கள் மொபைல் எண். ஆதார், வங்கி, வருமான வரி, மின்னஞ்சல் எல்லாமே ஒரே எண்ணில் தொங்கிக்கொண்டிருக்கின்றன. தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பெயரில் எத்தனை இணைப்புகள் இருக்கின்றன என்று பார்க்கலாம். பெரும்பாலான மாநிலங்களில் ஒருவருக்கு உச்ச வரம்பு ஒன்பது. தெரியாத எண் இருந்தால் "என் எண் இல்லை" என்று அங்கேயே குறித்துவிடலாம். உங்களைப் போல நகல்கள் பல இடங்களில் கிடப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியதில் இதுவும் ஒன்று, ஏனென்றால் உங்கள் பெயரில் இருக்கும் ஒரு சிம்மை வைத்து வேறொருவரை ஏமாற்றினால் போலீஸ் முதலில் உங்கள் வீட்டுக்குத்தான் வரும்.

பழைய எண்ணை விட்டுவிட்டவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கைவிட்ட எண்ணை 90 நாட்களுக்குப் பிறகு நிறுவனங்கள் வேறொருவருக்குக் கொடுத்துவிடலாம். அந்த எண் ஏதாவது ஒரு வங்கிக் கணக்கிலோ மின்னஞ்சலிலோ இன்னும் இருந்தால், அதற்கு வரும் ஓடிபி முன்பின் தெரியாத ஒருவர் கைக்குப் போகும். எண்ணை விடுவதற்கு முன் எல்லா இடத்திலும் மாற்றிவிட வேண்டும். அப்புறம், போன் திருட்டுப் போனால் திரைப்பூட்டு மட்டும் உங்களைக் காப்பாற்றாது. சிம்மைக் கழற்றி வேறு போனில் போட்டால் ஓடிபிகள் அங்கே வர ஆரம்பித்துவிடும். போன் அமைப்புகளில் சிம்முக்கென்று தனி பின் எண் வைக்கும் வசதி இருக்கிறது. போட்டுவிட்டால் வேறு போனில் செருகினாலும் பின் கேட்கும், மூன்று தடவை தவறினால் பூட்டிக்கொள்ளும். இதை வைத்திருப்பவர்கள் மிகக் குறைவு, எனக்கு அது ஆச்சரியமாகவே இருக்கும். காரணமே இல்லாமல் உங்கள் போனில் மட்டும் சிக்னல் போய்விட்டால், இன்னொருவர் போனிலிருந்து உடனே உங்கள் தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்து, டூப்ளிகேட் சிம் யாராவது வாங்கியிருக்கிறார்களா என்று கேளுங்கள். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்ட இரவில்தான் கணக்குகள் காலியாகின்றன.

கணக்கிலிருந்தே பணம் போனால் நாட்கணக்கு எல்லாவற்றையும் தீர்மானிக்கும். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலைச் சுற்றறிக்கை வகுத்த முறை இது: உங்கள் மீதும் வங்கி மீதும் தவறில்லாமல் மூன்றாம் நபர் செய்த மோசடி என்றால், தகவல் வந்ததிலிருந்து மூன்று வேலை நாளுக்குள் வங்கிக்குச் சொன்னால் இழப்பு உங்களுடையதல்ல. நான்கிலிருந்து ஏழு நாளுக்குள் என்றால், சாதாரணச் சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய் வரை நீங்கள் ஏற்க வேண்டும். அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. தவறு உங்களுடையது என்று நிரூபிக்கும் பொறுப்பு வங்கிக்குத்தான். ஆனால் ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டிருந்தால், புகார் கொடுக்கும் நிமிடம் வரை போன பணம் உங்கள் தலையில். வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு நாளில் போனது முதலில் போனதைவிட அதிகமாக இருக்கும்.

பான் எண்ணைப் பொறுத்தவரை வருடத்துக்கு இரண்டு முறை வருமான வரித் தளத்தில் உங்கள் வருடாந்தரத் தகவல் அறிக்கையைப் பாருங்கள். நீங்கள் வேலையே பார்க்காத ஒரு நிறுவனம் உங்களுக்குச் சம்பளம் கொடுத்ததாகக் கணக்குக் காட்டியிருந்தால் அங்கே தெரியும், அந்தப் பதிவை மறுக்கவும் அங்கேயே வசதி உண்டு. ஜிஎஸ்டி தளத்தில் பான் எண்ணைக் கொண்டு தேடினால் உங்கள் பெயரில் யாராவது வியாபாரம் பதிவு செய்திருக்கிறார்களா என்பதும் தெரியும். கூலி வேலை பார்ப்பவர்களுக்குக் கோடிக்கணக்கில் வரி நோட்டீஸ் வந்ததாகச் செய்தி வருமே, அவற்றில் பலவும் இப்படி நடந்தவைதான். இந்த இரண்டையும் பார்க்க மொத்தம் பத்து நிமிடம் ஆகாது. மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு உங்கள் அடையாளத்தைக் காவல் காப்பதாகச் சொல்லும் சேவைகள் எனக்குத் தேவையாகப் படவில்லை. அவை செய்வதில் பெரும்பகுதி, மேலே சொன்ன இலவச அறிக்கைகளை உங்களுக்குப் பதிலாக எடுத்துப் பார்ப்பதுதான்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவருக்கு பயோமெட்ரிக் லாக் போடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு. மாதாமாதம் ரேஷன் கடையில் விரல் வைக்க வேண்டியவர், ஸ்மார்ட்போன் பழக்கம் இல்லாதவர் என்றால், ஒவ்வொரு முறையும் உங்களை அழைத்துத் திறக்கச் சொல்ல வேண்டியிருக்கும். நீங்கள் எடுக்காத ஒரு நாளில் வரிசையிலிருந்து வெறுங்கையோடு திரும்புவார். அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். ஓய்வூதியமோ உதவித்தொகையோ வரும், ஆதார் இணைத்த கணக்கில் மாதச் செலவுக்கு வேண்டியதை மட்டும் விட்டுவிட்டு, சேமிப்பை அந்த வங்கியிலேயே வைக்காமல் ஆதார் இணைக்காத வேறொரு வங்கிக் கணக்கில் வையுங்கள். கணக்கில் பதிந்திருக்கும் மொபைல் எண் இன்னும் அம்மாவிடம்தான் இருக்கிறதா, ரீசார்ஜ் ஆகிறதா என்று அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பார்த்துவிடுங்கள். முகவரிடம் விரல் வைத்தால் ரசீது வாங்கச் சொல்லுங்கள், "முதல் தடவை பதியவில்லை, மறுபடி வைங்க" என்று சொன்னால் முதல் தடவைக்கும் ரசீது கேட்கச் சொல்லுங்கள். அந்த ரசீதுகளை ஒரு டப்பாவில் போட்டு வைத்தால் போதும், நீங்கள் போகும்போது பாஸ்புக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அந்தக் கடன் விஷயத்தில் அறிக்கையில் என்ன தெரிகிறது என்று பார்த்துவிட்டு, உங்கள் எண்கள், கணக்கு விவரங்கள் எதையும் போடாமல் இங்கே எழுதுங்கள். கடன் கொடுத்த நிறுவனத்துக்கு அனுப்பும் கடிதத்தை எப்படி அமைப்பது என்று வரி வரியாகச் சொல்கிறேன்.